யாரும் சீந்தாத குதிரை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓய்வூதியர் கூட்டத்துக்கு ஒரு இளைஞர் பேச வந்திருந்தார். தன்னம்பிக்கைப் பேச்சாளர். நல்ல குரல், சுத்தமான சட்டை. அமெரிக்காவில் 2022-ல் நடந்த கென்டக்கி டெர்பி கதையைச் சொன்னார். ரிச் ஸ்ட்ரைக் என்று ஒரு குதிரை. 30,000 டாலருக்கு வாங்கப்பட்டது. பந்தயத்தில் அதற்கு இடமே இல்லை. முதல் நாள் வேறொரு குதிரை விலகியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்தது. 80-க்கு 1 என்று விலை. எல்லோரையும் தாண்டி ஜெயித்துவிட்டது. "அந்தக் குதிரையால் முடியும் என்றால் உங்களால் ஏன் முடியாது? நம்பிக்கை போதும் ஐயா!" என்று முடித்தார். அறுபது கிழவர்களும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர், "ஏன்யா, உமக்கு எதுவுமே பிடிக்காதா?" என்று கேட்டார். அங்கே பதில் சொல்லவில்லை. மைக் பிடித்துச் சண்டை போடும் வயசு தாண்டிவிட்டது. ஆனால் மனசு கேட்கவில்லை. பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ரேஸ் ஆடுகிறவன் அல்ல. குதிரையோடு எனக்கு முதல் பரிச்சயம் இலக்கணத்தில்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்குத் தெரியும்: ஒருமையில் ஷெவால், பன்மையில் ஷெவோ. அதை மாற்றி எழுதி மர ஸ்கேலால் விரல் முட்டியில் வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு குதிரை என் வாழ்க்கையில் இரண்டு பேர் வழியாக வந்தது. ஒருவர் என் மனைவியின் தம்பி. இன்னொருவர் என் செக்‌ஷனில் பக்கத்து மேஜையில் இருந்தவர். இருவரைப் பற்றியும் சொல்கிறேன்.

மச்சினன் சொல்தா குடும்பத்தில் பெண் எடுத்து, சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போனவன். பாரீஸுக்கு வெளியே இருக்கிறான், அவனும் இப்போது ரிட்டயர்ட். ஞாயிறு காலையில் காபி குடிக்கப் போகிற கடையில் தியெர்சே சீட்டு எழுதுவான். முதல் மூன்று குதிரைகளைச் சொல்லும் பந்தயம் அது. பிரான்சில் அது தொடங்கியது 1954-ல். அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதிதான் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்தார்கள்.

2021 அக்டோபர் 3, ஞாயிறு. பாரீஸ் லோன்ஷான் மைதானத்தில் ஆர்க் த திரியோம்ப் பந்தயம். 2400 மீட்டர். 1920-லிருந்து நடக்கிறது. ஐரோப்பாவில் சமதரை ஓட்டத்தில் இதற்கு மேல் பெருமை உள்ள பந்தயம் இல்லை என்பார்கள். நமக்கு இரவு ஏழரை மணிவாக்கில் ஓட்டம். மச்சினன் மத்தியானமே போன் செய்தான்.

"மாமா, தோர்க்வாத்தோர் தாஸோன்னு ஒரு ஜெர்மன் குதிரை. 72-க்கு 1. அதுமேல ரெண்டு யூரோ போட்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பத்திரிகையை அவன் அனுப்பியிருந்தான், நானும் படித்திருந்தேன். ஓடுவது பதினாலு குதிரை. அடாயர்: இங்கிலீஷ் டெர்பியும் கிங் ஜார்ஜும் ஜெயித்தது. ஹரிக்கேன் லேன்: ஐரிஷ் டெர்பி, பாரீஸின் பெரிய பரிசு, செயின்ட் லெஜர் மூன்றும் அதன் பையில். டார்னாவா என்கிற பெண் குதிரை முந்தின வருஷம் அமெரிக்கா போய் பிரீடர்ஸ் கப் டர்ப் எடுத்தது. ஸ்நோஃபால் ஓக்ஸ் பந்தயத்தைப் பதினாறு குதிரை நீளத்தில் ஜெயித்தது. போதாததற்கு மூன்று வயதுக் குதிரைகளுக்கு எடைச் சலுகை. அடாயரைவிட உன் ஜெர்மன்காரன் மூன்று கிலோ அதிகம் சுமக்க வேண்டும்.

"இந்தக் கூட்டத்தில் உன் ஆள் ஒப்புக்குச் சப்பாணி. ரெண்டு யூரோவுக்கு ரொட்டி வாங்கியிருக்கலாம்" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. "மாமா, நீங்க பேரைப் படிக்கிறீங்க. நான் சொல்றதை எழுதிக்குங்க" என்றான். குமாஸ்தாவிடம் எழுதிக்கொள் என்றால் எழுதாமல் இருப்பானா? காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒன்று. இந்தக் குதிரை சோதா இல்லை. ஜெர்மனியில் முதல் தரப் பந்தயம் இரண்டு ஜெயித்திருக்கிறது. 2020-ல் பெர்லின் பெரிய பரிசு, இந்த வருஷம் செப்டம்பரில் பாடன் பெரிய பரிசு.

இரண்டு. 2020 ஜெர்மன் டெர்பியில் இது இரண்டாவது வந்தது. முதலில் வந்தது இன் ஸ்வூப். அந்த இன் ஸ்வூப் அதே வருஷம் ஆர்க் பந்தயத்தில் கழுத்து நீளத்தில் தோற்று இரண்டாவது வந்தது. அப்போதும் தரை ஊறிப்போயிருந்தது.

மூன்று. இரண்டுக்கும் ஒரே தகப்பன், ஆட்லர்ஃப்ளூக். சேற்றுத் தரையில் பேர் பெற்றவன். ஈரத் தரை அந்த வம்சத்துக்குப் பிறந்த வீடு.

நாலு. "மாமா, இங்க மழை."

பிரான்சில் தரையின் ஈரத்தைப் பெனத்ரோமேத்ர் என்று ஒரு கருவியை வைத்து அளப்பார்கள். எடையைத் தரையில் விழவிட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. நம் ஊர் கொத்தனார் கம்பியால் குத்திப் பார்ப்பது மாதிரிதான். அன்று தரை நன்றாக இறங்கியது.

நான் என்ன பதில் சொன்னேன்? "ஜெர்மன் பந்தயமெல்லாம் ஒரு பந்தயமா?" இதுதான் என் வாதம். இதில் ஆதாரம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஒன்றும் இல்லை. இருந்தது ஒரு முகச்சுளிப்பு மட்டும்.

இரவு டார்னாவா முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது வெளிப்பக்கமாக ஒரு குதிரை வந்தது. அவசரமே இல்லாமல், வயலில் இறங்கி நடப்பவன் மாதிரி வந்தது. முக்கால் நீளத்தில் ஜெயித்தது. டார்னாவா இரண்டு, ஹரிக்கேன் லேன் மூன்று, அடாயர் நாலு. மச்சினன் போன் செய்யவில்லை. ரொட்டி படம் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினான்.

சரி, இதுவும் அந்தப் பேச்சாளர் சொன்ன மாதிரிக் கதைதானே, எதற்குக் கை தட்டவில்லை என்று கேட்பீர்கள். இல்லை ஐயா. இரண்டும் ஒன்றல்ல. அதுதான் என் வழக்கே.

யாரும் சீந்தாத குதிரை ஜெயிப்பதில் குறைந்தது மூன்று வகை உண்டு. அதைக் கலந்து குழம்பாக்கி ஊருக்குப் பரிமாறுவதுதான் எனக்கு ஆகவில்லை.

முதல் வகை, மற்றவர்கள் விழுந்ததால் ஜெயிப்பது. இங்கிலாந்தில் 1967 கிராண்ட் நேஷனல். ஃபாய்நாவன், 100-க்கு 1. இருபத்துமூன்றாவது தடுப்பில் ஆள் இல்லாத ஒரு குதிரை குறுக்கே ஓட, வந்த குதிரையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றுவிட்டன. ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்த ஃபாய்நாவனுக்கு நிலைமையைப் பார்த்து ஓரமாகத் தாண்டிப் போக அவகாசம் இருந்தது. அந்தத் தடுப்புக்கே இப்போது அதன் பெயர். மெதுவாக வந்ததே அதற்கு உதவி. இதிலிருந்து என்ன பாடம் எடுப்பீர்கள்? மெதுவாகப் போங்கள் என்றா?

இரண்டாம் வகை, மற்றவர்கள் அளவு மீறி ஓடிக் களைத்ததால் ஜெயிப்பது. பேச்சாளரின் ரிச் ஸ்ட்ரைக் இதில் சேரும். அன்று முன்னால் போன குதிரைகள் முதல் கால் மைலை 21.78 விநாடியில் ஓடின. டெர்பி வரலாற்றிலேயே மிக வேகமான தொடக்கம் அதுதான். அப்படி ஓடினால் கடைசியில் மூச்சு எங்கிருந்து வரும்? பின்னால் சும்மா வந்த குதிரைக்குக் கதவு திறந்தது. அதன் ஜாக்கி அந்தக் கதவை நன்றாகப் பயன்படுத்தினார், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குதிரை ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. இதைப் பேச்சாளர் சொல்லவில்லை. தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

மூன்றாம் வகைதான் தாஸோ. அது மெலிந்த குதிரையே அல்ல. நாம்தான் தப்பாக எடை போட்டோம். அடுத்த வருஷம் 2022-ல் திரும்ப ஆர்க் பந்தயத்துக்கு வந்து மூன்றாவது நின்றது. இங்கிலாந்து போய் கிங் ஜார்ஜ் பந்தயத்தில் இரண்டாவது வந்தது. அதிர்ஷ்டம் அப்படித் திரும்பத் திரும்ப வருமா? இன்னும் கேளுங்கள். 2021 ஆகஸ்ட்டில் பெர்லினில் தாஸோவை ஒரு பெண் குதிரை தோற்கடித்தது. அல்பினிஸ்டா. 2022 ஆர்க் பந்தயத்தை ஜெயித்தது அதே அல்பினிஸ்டாதான். நான் முகம் சுளித்த அந்த ஜெர்மன் பந்தயத்தில் முதல் இரண்டு இடம் பிடித்தவை இரண்டுமே ஆர்க் ஜெயித்த குதிரைகளாகிவிட்டன! 72-க்கு 1 என்றது அந்தக் குதிரையின் குறை அல்ல. அது நம் அறியாமையின் அளவு.

விலை என்பது எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது எளிதில் விளங்கும். பாரீஸில் 1860-களில் ஜோசப் ஒல்லேர் என்பவர் கொண்டுவந்த முறை, பாரி முத்துவேல். பின்னாளில் மூலான் ரூழ் அரங்கத்தைத் தொடங்கியவரும் இவர்தான். எல்லோர் பணமும் ஒரே உண்டியலில் விழும். நடத்துபவரும் சர்க்காரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். உண்டியலில் 10,000 ரூபாய் என்று வையுங்கள். கணக்குக்காகக் கழிவு 2,000 என்று வைப்போம். மீதி 8,000. 72-க்கு 1 என்றால் போட்ட ரூபாயும் சேர்ந்து 73 திரும்ப வரும். 8,000-ஐ 73-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 110. அதாவது பத்தாயிரத்தில் 110 ரூபாய்தான் அந்தக் குதிரை மேல் விழுந்திருக்கிறது. குதிரையின் கால், நெஞ்சு, மூச்சு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. இருப்பது ஊர் அபிப்பிராயம் மட்டும்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ ஊர் ஒதுக்கின குதிரை மேலயே பணத்தைப் போடலாம்" என்று கிளம்பாதீர்கள். அதே கணக்கின் மறுபக்கம் இது. ஊர் அபிப்பிராயம் சரியாகவே இருந்தால் அந்தக் குதிரை 91 ஓட்டத்துக்கு ஒரு தடவை ஜெயிக்கும். உங்களுக்குத் தருவதோ 73 பங்கு. பதினெட்டு பங்கு வழியிலேயே போய்விட்டது. அதோடு, பெரிய விலைக் குதிரைகள் மேல் ஆசையால் அளவுக்கு மீறிப் பணம் விழுகிறது, அவற்றில் போட்ட பணம்தான் பேவரிட்டில் போட்ட பணத்தைவிட வேகமாகக் கரைகிறது என்பது பல தேசங்களில் பல காலமாகக் கணக்குப் பார்த்துச் சொல்லப்பட்ட விஷயம்.

இது எனக்குக் கணக்கால் மட்டும் தெரிந்ததல்ல. பக்கத்து மேஜைக்காரரால் தெரிந்தது.

நல்ல மனுஷன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சனிக்கிழமை கிண்டிக்குப் பஸ் ஏறுவார், சீசன் மாறினால் பெங்களூர். ஆரம்பத்தில் ரேஸ் புக்கைப் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பார். பத்து இருபது போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு நாள் யாரும் தொடாத ஒரு குதிரை ஜெயித்து, ஆறு மாதச் சம்பளம் ஒரே மத்தியானத்தில் கையில் வந்தது. செக்‌ஷன் முழுக்க ஜிலேபி கொடுத்தார். அந்த ஜிலேபியை நானும் தின்றேன்.

அதற்குப் பிறகு அவர் ரேஸ் புக் படிக்கவில்லை. எந்தக் குதிரைக்கு அதிக விலை என்று போர்டை மட்டும் பார்ப்பார். "சார், உலகம் கைவிட்டதைத்தான் ஆண்டவன் தூக்கிவிடுவான்" என்பார். தாஸோவைப் பற்றி மச்சினன் சொன்னானே, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று. அந்த மாதிரி ஒரு காரணம்கூட அவரிடம் இருக்காது. குதிரை பாவப்பட்டது என்பதே காரணம்.

பி.எஃப். அட்வான்ஸ் மனுக்களை அவருக்கு நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். மகளுக்குக் காது குத்து. வீட்டுக் கூரை ரிப்பேர். மாமியார் வைத்தியம். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன். மாதம் முதல் தேதி அவர் மனைவி வாசலில் வந்து நிற்பார். "ஐயா, சம்பளம் போட்டாச்சுங்களா? அவர் கிளம்பிட்டாரா?" என்று என்னைத்தான் கேட்பார். நான் பைலைப் புரட்டுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் ரிட்டயர் ஆன நாளில் கையில் வந்தது மாலையும் சால்வையும். மீதி எல்லாம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.

குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை விளையாட்டு என்று 1996-ல் சென்னை ரேஸ் கிளப் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தீர்ப்பில் நான் தலையிடவில்லை. ஆனால் திறமை என்பது மைதானத்தின் வாசலில் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்கிற பொருளா? வம்சம், தரை, எடை, போன ஓட்டம் எல்லாம் பார்க்கிறவனுக்கு அது திறமை. போர்டைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவனுக்கு அது உண்டியல். "நம்பிக்கை போதும்" என்று மேடையில் சொல்கிறவர் என் பக்கத்து மேஜைக்காரரிடம்தான் பேசுகிறார். அவர் மனைவி வாசலில் நிற்பது மேடையிலிருந்து தெரியாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானும் சீந்தப்படாத குதிரையாக இருந்தவன்தான். வேலையில் சேர்ந்தபோது ஆபீசில் எல்லாம் இங்கிலீஷ். நான் இங்கிலீஷை பிரெஞ்சு உச்சரிப்பில் படிப்பேன். "இந்தப் பிரெஞ்சு மீடியத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டார். தபால் பதிவில் உட்கார வைத்தார்கள். ஐந்து வருஷம் முத்திரை குத்தினேன். ஒரு நிலத் தகராறு வந்தது. கட்டுக்கட்டாகப் பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்கள், நொத்தேர் கையெழுத்தில். ஆபீசில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து "அந்தப் பிரெஞ்சு மீடியத்தைக் கூப்பிடு" என்பது வேறு தொனியில் வந்தது. பழைய பத்திரம் எது வந்தாலும் என் மேஜைக்குத்தான்.

நான் திடீரென்று கெட்டிக்காரன் ஆகவில்லை. நம்பிக்கையால் மேலே வரவும் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த ஐந்து வருஷத்தில் நம்பிக்கையெல்லாம் போயிருந்தது. எனக்குத் தெரிந்தது முன்னாலும் தெரிந்தேதான் இருந்தது. எனக்கு ஏற்ற தரை அன்றுதான் அமைந்தது. அதுவரை என்ன தெரியும் என்று என்னை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவன் 2021-ல் என்ன செய்தேன்? "ஜெர்மன் பந்தயமெல்லாம் ஒரு பந்தயமா" என்றேன். அந்த மேலதிகாரியின் குரல் அப்படியே என் வாயிலிருந்து வந்தது. குதிரை தோற்றிருந்தாலும் அந்த வாதம் தப்புதான். மச்சினன் தோற்றிருந்தாலும் அவன் வாதம் சரிதான். ஜெயித்தது என்பதற்காக அவனைப் பாராட்டவில்லை, ஓட்டத்துக்கு முன்னால் காரணம் சொன்னான் என்பதற்காகப் பாராட்டுகிறேன். அவன் போட்டதும் இரண்டே யூரோ. தன் காரணத்தின் மேல் எவ்வளவு வைக்கலாம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே பேச்சாளத் தம்பிக்கு என் வேண்டுகோள். அடுத்த தடவை ஜெயித்த குதிரையின் கதையைச் சொல்லும்போது, அன்று கடைசியில் வந்த குதிரையின் பெயரையும் சொல்லுங்கள். 2021 ஆர்க் பந்தயத்தில் பதினாலாவது வந்தது ஜப்பானின் டீப் பாண்ட். மூன்று வாரம் முன்னால் அதே லோன்ஷானில், அதே 2400 மீட்டரில், ஃபுவா பரிசை ஜெயித்துவிட்டு வந்த குதிரை. அதற்கு நம்பிக்கை குறைவா, முயற்சி குறைவா? ஒன்றும் இல்லை. அந்தத் தரை அதற்கு ஒத்துவரவில்லை போலும்.

ஒரு பையனைப் பற்றியோ ஒரு குதிரையைப் பற்றியோ "இது தேறாது" என்று சொல்பவரிடமும் கேளுங்கள், "இது ஜெயிக்கும்" என்று சொல்பவரிடமும் கேளுங்கள்: என்ன செய்திருக்கிறது, எந்தத் தரையில் செய்தது, இன்று தரை என்ன? பதில் வந்தால் உட்கார்ந்து கேட்கலாம். பதிலுக்குப் பதிலாக ஒரு நீதிக்கதை வந்தால், பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பக்கத்தில் இருந்த நண்பருக்கு: ஏன் கை தட்டவில்லை என்று கேட்டீர் அல்லவா? இதனால்தான்.